நாரும் சாம்பலும்: கூட்டுப்பொருளுக்கான காப்புரிமை ஆய்வைச் சந்திப்பது

கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் உங்கள் பலகையை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீரில் ஊறப்போட மாட்டார்கள், மேலே ஏறி நின்று பார்க்க மாட்டார்கள். ஆய்வாளர் முன்னால் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பு ஒன்றுதான். அதில் இல்லாத எதையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தபின் புது விஷயம் எதையும் அதில் நுழைக்கவும் சட்டம் விடாது. ஆகவே ஆய்வுக்கான தயாரிப்பை, முதல் பலகையை வார்க்கும் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

இந்த அத்தியாயம் நார் சேர்த்த கனிமக் கூட்டுப்பொருள்களுக்கானது. சிமென்ட், சுண்ணாம்பு, ஜிப்சம், மக்னீசியா, ஜியோபாலிமர் என்று ஏதாவது ஒரு கனிமப் பிணைப்பான்; அதற்குள் கண்ணாடி, எஃகு, தேங்காய், வாழை என்று ஏதாவது ஒரு நார். விளக்க வசதிக்காக ஒரு கற்பனை விண்ணப்பத்தைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம். கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் சில பெண்கள், தார் வெட்டியபின் தோட்டத்தில் சாய்த்துப் போட்ட வாழையின் மட்டையிலிருந்து நார் எடுக்கிறார்கள். அதைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் கலந்த கரைசலில் பிசைந்து, நாரைச் சேர்த்து, கூரைக்கான பலகை வார்க்கிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் கூரைத் தகடு குலுங்கலில் கீறல் விட்டால் திருப்பி அனுப்ப ஆகும் செலவு தகட்டின் விலையைத் தாண்டிவிடும். அதனால் மலையிலேயே செய்யலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரணம். ஆனால் காப்புரிமை நல்ல காரணத்துக்குக் கிடைப்பதில்லை. புதுமை, கண்டுபிடிப்புப் படி, தொழிற்பயன் என்ற மூன்றையும் தாண்டி, 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு போட்டிருக்கும் தடைகளையும் கடக்க வேண்டும்.

உங்களுக்கு முன்னால் நின்றவர்கள்

'உலகிலேயே முதன்முறையாக' என்று விவரக்குறிப்பில் எழுதியிருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். மண்ணில் வைக்கோல் கூளத்தை மிதித்துக் குழைத்துச் சுவர் வைத்த காலத்திலிருந்தே நார் சேர்த்த கனிமக் கூட்டுப்பொருள் இருக்கிறது. எழுத்தில் பதிவான காப்புரிமைகளே ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியவை. பிரான்சில் ஜோசப் லூயி லாம்போ கம்பி வலையின் மேல் சிமென்ட் பூசிப் படகு செய்து 1855இல் காப்புரிமை வாங்கினார். தோட்டக்காரரான ஜோசப் மோனியே, கம்பி வைத்த சிமென்ட் பூந்தொட்டிக்கு 1867இல் வாங்கினார். ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக், காகிதம் செய்யும் எந்திரத்தின் வழியைப் பின்பற்றி, கல்நாரும் சிமென்ட்டும் கலந்த கூழிலிருந்து தகடு எடுக்கும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கெல்லாம் மூலம் அதுதான்.

இந்தப் பழங்கதையில் இரண்டு கட்டங்களை மட்டும் ஊன்றிப் படியுங்கள். ஏனென்றால் தெரிந்த பொருளிலிருந்து காப்புரிமைக்குத் தகுந்த பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

முதலாவது எஃகு நார். கான்கிரீட்டில் இரும்புத் துணுக்கைப் போடலாம் என்று 1874லேயே அமெரிக்காவில் பெரார்ட் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே என்ன மிச்சம்? 1963இல் ரோமுவால்டியும் பாட்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எவ்வளவு இரும்பு போடுகிறோம் என்பதோடு, கம்பிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதும் விரிசல் பரவுவதைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். அந்த நெருக்கத்தை மையமாக வைத்து எழுதிய காப்புரிமை பாட்டெல் நிறுவனத்துக்கு 1969இல் கிடைத்தது. பொருள் பழசு, எந்த அளவில், எந்த அமைப்பில் அது வேறுமாதிரி நடந்துகொள்கிறது என்ற கண்டறிதல் புதுசு.

இரண்டாவது கண்ணாடி நார். சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமென்ட்டில் போட்டால் சிமென்ட்டின் காரம் அதை மெல்ல அரித்துவிடும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.ஜே. மஜும்தார் குழுவினர் சிர்கோனியா சேர்த்த கண்ணாடி அந்த அரிப்பைத் தாங்குவதை 1960களில் கண்டார்கள். பில்கிங்டன் நிறுவனம் 1971 முதல் அதை செம்ஃபில் என்ற பெயரில் விற்றது. இன்றும் கார எதிர்ப்புக் கண்ணாடி இழையில் சிர்கோனியா ஏறத்தாழ 16 விழுக்காடு இருக்கிறது. நம் கடுக்காய் விண்ணப்பத்துக்கு இது நேரடியான முன்மாதிரி. பிரச்சினை அதேதான்: காரம் நாரைத் தின்கிறது. வாழைநாரின் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் காரம் கரைக்கும். நார் நீரைக் குடித்து உப்பிச் சுருங்குவதில் பசையிலிருந்து விடுபட்டும் போகும்.

தேடும் இடங்கள்: இந்திய விண்ணப்பங்களுக்கு அலுவலகத்தின் இன்பாஸ் தளம், வெளிநாட்டுக்கு எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ். 'வாழைநார்' என்று சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள். கனிமப் பிணைப்பான் கலவைகள் சி04பி 28இல் இருக்கும். அதற்குள் ஜியோபாலிமருக்கு 28/006 என்று தனி இடம் உண்டு. தாவரக் கழிவும் செல்லுலோஸும் சி04பி 18/24இல், கண்ணாடி இழை 14/42இல். காப்புரிமை அல்லாத நூல்களையும் விடாதீர்கள். கான்கிரீட்டில் இயற்கை நார்களின் ஆயுளைப் பற்றி ஸ்வீடனில் கிராம் எழுதிய 1983ஆம் ஆண்டு அறிக்கை, சிசல் நாரைச் சுற்றி பிரேசிலில் நடந்த ஏராளமான ஆய்வுகள் எல்லாம் ஆய்வாளர் மேசைக்கு வரக்கூடியவை. உங்களுக்கு எதிரான தாளை நீங்களே முதலில் கண்டுபிடிப்பதுதான் லாபம். அதைச் சுற்றி உரிமைக்கோரலை எழுதிக்கொள்ளலாம்.

விழாவில் காட்டலாமா

ஆகஸ்டில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. துறைவாரியாக அரங்குகள், மலர்க் கண்காட்சி, கூட்டம். பலகையை அங்கே வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், ஆர்டர் வரும் என்று ஆசை வருவது இயல்பு. விண்ணப்பத்துக்கு முன் வைக்காதீர்கள். கண்காட்சியில் காட்டியது புதுமையைக் கெடுக்காது என்று 31ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்து அந்தப் பிரிவைப் பொருத்திய கண்காட்சிக்குத்தான் அது. மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது என்பதால் தானாகப் பொருந்திவிடாது. வாரச்சந்தையில் விற்பது இன்னும் மோசம்.

மழையில் போட்டுப் பார்க்காமல் கூரைப் பலகையை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். அதற்கு 32ஆம் பிரிவு இருக்கிறது. கண்டுபிடிப்பின் தன்மை காரணமாகப் பொது இடத்தில் சோதித்தே ஆக வேண்டும் என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நியாயமான சோதனைக்காக மட்டும் செய்தது புதுமையைக் கெடுக்காது. 'சோதனைக்காக மட்டும்' என்பதைக் காட்ட எழுத்து வேண்டும்: யார் வீட்டுக் கூரை, எந்தத் தேதி, காசு வாங்கவில்லை, ரகசியம் காக்க ஒப்புக்கொண்டார் என்று ஒரு தாள், கையெழுத்தோடு. சொந்தக்காரர் வீடுதானே என்று தாளை விட்டுவிடாதீர்கள். பின்னால் எதிர்ப்பு மனு போடுபவர் பெரும்பாலும் உள்ளூர் விவரம் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

அவசரம் என்றால் தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு மின்வழித் தாக்கல் கட்டணம் 1600 ரூபாய். அதன்பின் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. ஆனால் தற்காலிகத்தில் எழுதியதற்கு மட்டுமே அந்த முந்தைய தேதி கிடைக்கும். 'வாழைநார்ப் பலகை' என்று இரண்டு பக்கம் போட்டுவிட்டு, கடுக்காயை முழு விவரக்குறிப்பில்தான் முதன்முதலாகச் சொல்கிறீர்கள் என்றால், கடுக்காய்க்குத் தேதி பின்னதுதான்.

கலவைதானே என்று கேட்பார்கள்

கூட்டுப்பொருள் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்ளும் முக்கிய இடம் பிரிவு 3(இ). பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் வெறுமனே சேர்ந்து கிடைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. சாம்பல் ஜியோபாலிமர் அழுத்தத்தைத் தாங்கும். நார் இழுவையைத் தாங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டையும் தாங்கும். இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை வழக்கறிஞரின் ஆங்கிலம் தராது. ஓர் அட்டவணைதான் தரும்.

அந்த அட்டவணைக்கு எத்தனை விதப் பலகை வார்க்க வேண்டும் என்று பாருங்கள். நாரே இல்லாதது ஒன்று. எதிலும் ஊறவைக்காத நார் போட்டது ஒன்று. வெறும் தண்ணீரில் அதே நேரம் ஊறவைத்த நார் போட்டது ஒன்று. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பலன் கடுக்காயாலா ஊறலாலா என்ற கேள்விக்கு இதுவே பதில். துறையில் வழக்கமான காஸ்டிக் சோடாப் பதப்படுத்தல் செய்த நார் போட்டது ஒன்று. ஜியோபாலிமரில் போடாமல், கடுக்காய் நாரைச் சாதாரண சிமென்ட்டில் போட்டது ஒன்று. கடைசியாக உங்கள் பலகை. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல், ஒரே அச்சு, ஒரே பதநாள். வளைவு வலிமையை வார்த்த சில வாரத்தில் ஒருமுறையும், நனைத்துக் காயவைக்கும் சுழற்சிகளுக்குப் பின் ஒருமுறையும் அளக்க வேண்டும். உங்கள் பலகை தொடக்கத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக உயர்ந்து நிற்காமல்கூடப் போகலாம். சுழற்சிகளுக்குப் பின் மற்றவை சரிந்து உங்களுடையது நின்றால், விண்ணப்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'வலுவான பலகை' என்ற கதையை விட்டுவிட்டு 'காரத்திலும் ஈரத்திலும் வலிமை இழக்காத பலகை' என்ற கதையை எழுதுங்கள்.

நார்ச் சிமென்ட் தட்டைத் தகடுகளுக்கான ஐஎஸ் 14862 தரக்குறியீட்டின் சோதனை முறையைப் பின்பற்றினால் எண்களை ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நார்ச் சோதனைக்குக் கோவை சிட்ரா, கட்டுமானப் பொருளுக்குத் தரமணி சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி போன்ற இடங்கள் உண்டு. அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகமும் போதும். கல்லூரியில் செய்தால் முதலிலேயே ரகசிய ஒப்பந்தம். மாணவர் தன் புராஜெக்ட் அறிக்கையை மாநாட்டில் வாசித்துவிட்டால் அதுவும் வெளியீடுதான்.

மரபறிவு பற்றிய பிரிவு 3(பி) அடுத்த கண்டம். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரை நம் பழைய கோயில்களிலும் அரண்மனைகளிலும் இருப்பது ஊரறிந்த விஷயம். தெரிந்த மரபுப் பொருளின் தெரிந்த குணத்தைத்தான் நகலெடுத்திருக்கிறீர்கள் என்று ஆய்வாளர் எழுதுவார். மஞ்சளுக்குப் புண் ஆற்றும் குணம் உண்டு என்று அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமை, சிஎஸ்ஐஆர் எதிர்த்ததில் 1997இல் ரத்தானது. அதே அளவுகோல் உங்கள்மீதும் விழும், விழவும் வேண்டும். மழுப்பாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் பயன்படுவதைப் பின்னணிப் பகுதியில் நீங்களே எழுதி, வேறுபாட்டைச் சொல்லுங்கள்: அங்கே சாறு பசைக்குள் போகிறது, இங்கே நாருக்குள் போகிறது, அங்கே பிணைப்பான் சுண்ணாம்பு, இங்கே காரம் ஏற்றிய சாம்பல். இந்த வேறுபாடு நிஜமான பலனைத் தருகிறது என்று மேற்சொன்ன அட்டவணை காட்டினால் தாண்டலாம். காட்டாவிட்டால் அது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை, பாட்டன் சொத்து. காப்புரிமை கேட்காமல் செய்து விற்றுப் பிழைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன் மட்டும் சொன்னால் 3(டி) மறிக்கும். கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பேனலைப் பாருங்கள். 1990இல் ஆஸ்திரேலியாவில் ராபிட்வால் என்று வந்தது. கொச்சியில் உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்திலிருந்து செய்தார்கள். ஐஐடி மெட்ராஸ் 2013இல் தன் வளாகத்திலேயே அதைக்கொண்டு ஒரு மாதிரிக் கட்டடம் எழுப்பியது. இன்று ஒருவர் அதே பேனலை 'கோழிப்பண்ணைச் சுவருக்கு' என்று நாமக்கல்லிலிருந்து கேட்டால் கிடைக்காது. பேனலின் அமைப்பையோ இணைப்பையோ செய்முறையையோ மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தைக் கேட்கலாம்.

கைப்பக்குவத்தை எண்ணாக்குவது

'ஒரு கைப்பிடி கடுக்காய், சாறு கறுக்கும்வரை' என்பது மலையில் போதும். விவரக்குறிப்பில், துறையில் பயிற்சியுள்ள ஒருவர் அதைப் படித்துத் தானே செய்யும் அளவுக்கு விவரம் வேண்டும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் எத்தனை கிராம், எத்தனை லிட்டர் நீர், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், வடித்த சாற்றில் டானின் அளவு என்ன, நார் எத்தனை மணி நேரம் மூழ்கியது, காய்ந்தபின் எடை எவ்வளவு கூடியது. நாரின் நீளம், வெட்டிய விதம். சாம்பலின் வேதிப் பகுப்பாய்வு அவசியம்; மேட்டூர்ச் சாம்பலே லோடுக்கு லோடு மாறும். காஸ்டிக் கரைசலின் மோலாரிட்டி, சிலிக்கேட்டுக்கும் அதற்குமான விகிதம், பலகை பதமானது அடுப்புச் சூட்டிலா மலைக்குளிரிலா. பெயர்களும் தாவரவியல்படி வேண்டும்: கடுக்காய்க்கு டெர்மினாலியா செபுலா, வாழைக்கு மியூசா இனமும் ரகமும்.

தெரிந்த சிறந்த செய்முறையையே வெளியிட வேண்டும் என்பது 10(4) பிரிவின் கட்டளை. ஊறல் நேரத்தை மட்டும் மறைத்து வைத்துக்கொண்டு காப்புரிமையும் கேட்பவர்கள் உண்டு. அது பின்னால் ரத்துக்குக் காரணமாகலாம். என் கருத்து இது: பலகையை உடைத்துப் பார்த்தும் ஊறல் ரகசியத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால், விண்ணப்பம் போடுவதா ரகசியமாகவே வைத்துக்கொள்வதா என்று இரண்டு முறை யோசியுங்கள். காப்புரிமை 20 ஆண்டில் முடிந்துவிடும், செய்முறையோ 18ஆம் மாதத்தில் காப்புரிமை இதழில் வெளிவந்து ஊருக்கே தெரிந்துவிடும்.

உரிமைக்கோரல் எழுதும்போது 'மலிவான, சூழலுக்கு உகந்த, உறுதியான கூரைப் பலகை' என்பதில் ஒரு சொல்லும் தேறாது. இப்படி எழுதலாம் (எண்கள் மாதிரிக்கு மட்டும்): 'குறைந்த கால்சியம் சாம்பலைக் காரக் கரைசலால் தூண்டிப் பெற்ற கனிமத் தளமும், தளத்தின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வாழைநாரும் கொண்ட கூட்டுப்பொருள், அந்நார், தளத்தில் சேர்க்கப்படும் முன், குறிப்பிட்ட டானின் அளவுள்ள கடுக்காய்ச் சாற்றில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து உலர்த்தப்பட்டது.' 1 முதல் 10 விழுக்காடு என்று அகலமாகக் கேட்க ஆசைப்பட்டால், இரண்டு விளிம்புகளிலும் நடுவிலும் வார்த்துச் சோதித்த எடுத்துக்காட்டுகள் விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். முதல் கோரலுக்குக் கீழே படிப்படியாகக் குறுகும் சார்புக் கோரல்களை வையுங்கள். மேல்படி உடைந்தால் நிற்க ஒரு படி வேண்டும். 10 கோரல்கள், 30 பக்கங்கள் வரை அடிப்படைக் கட்டணத்துக்குள் அடங்கும்.

இத்தனையும் தமிழில் தாக்கல் செய்ய முடியாது. விதி இந்தியையும் ஆங்கிலத்தையும் மட்டுமே ஏற்கிறது. சென்னையில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு இப்படியா என்பது வேறு பேச்சு. தமிழில் முழுதாக எழுதி, செய்தவர்கள் வாசித்து ஒப்புக்கொண்டபின் மொழிபெயர்ப்பது நல்லது. நேராக ஆங்கிலத்தில் எழுதும் முகவர் 'சாயப் பதப்படுத்தல்' என்று எழுதிவிட்டால் ஆய்வும் அந்தத் திசையில்தான் போகும்.

கடுக்காய் என்றால் இன்னொரு கதவு

படிவம் 1இல், இந்தியாவில் கிடைத்த உயிரியல் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறோம், உரிய அனுமதியைக் காப்புரிமை வழங்கும் முன் தருவோம் என்ற உறுதிமொழி வரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதை அடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. வாழைநாரும் கடுக்காயும் உள்ள விண்ணப்பத்தில் அதை அடித்தால், ஆய்வறிக்கையில் முதல் ஆட்சேபங்களில் ஒன்றாக அது வந்து நிற்கும். பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற புவியியல் மூலத்தையும் விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும்: நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, தோட்டத்து வாழை; கடுக்காய் காட்டிலிருந்தா, கடையிலிருந்தா.

2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியர்கள் காப்புரிமை வழங்கப்படும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகமாக்கும்போது முன் அனுமதி பெற வேண்டும். ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. ஆய்வறிக்கை வரும்வரை காத்திராமல், விண்ணப்பம் போட்ட கையோடு இதைத் தொடங்கிவிடுங்கள். தொழில்நுட்ப ஆட்சேபம் எல்லாம் தீர்ந்தும் இந்த ஒரு தாளுக்காகக் கோப்பு கிடப்பது வீண் வேதனை.

யார் பெயரில், எவ்வளவு, எப்போது

ஆய்வு தானாக நடக்காது, கேட்க வேண்டும். படிவம் 18, தனிநபருக்கு 4000 ரூபாய். 2024 மார்ச் 15 அல்லது அதற்குப் பின் தாக்கலானவற்றுக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம்தான் கெடு. பழைய புத்தகங்களில் 48 என்று இருக்கும், நம்பாதீர்கள். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே ஆகிவிடும்.

விரைவு ஆய்வுக்குப் படிவம் 18ஏ, தனிநபருக்கு 8000 ரூபாய். விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் இந்த வழி திறக்கும். நம் எடுத்துக்காட்டில் நார் எடுத்தவர்களும் ஊறல் பக்குவம் கண்டவர்களும் பெண்கள். சுய உதவிக் குழுவின் பெயரில் போடாமல், கண்டுபிடித்த பெண்களின் பெயரிலேயே போட்டுப் பின்னர் உரிமையை மாற்றிக்கொள்ளலாம். இதழில் முன்கூட்டியே வெளியிடப் படிவம் 9, 2500 ரூபாய்; விரைவு ஆய்வு கேட்பவர்களுக்கு இது தேவைப்படும்.

படிவம் 5 கண்டுபிடிப்பாளர்களை அறிவிப்பது. சோதனை செய்துகொடுத்த கல்லூரி ஆசிரியர் பெயர் முதலில் இருந்து, சாற்றில் ஊறவைக்கும் யோசனையைத் தந்த பெண்ணின் பெயர் நன்றியுரையில் இருந்தால் அது அநியாயம் மட்டுமில்லை, சட்டப்படியும் கோளாறு. இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்த்தது கண்டுபிடிப்பு ஆகாது.

முகவர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காந்திநகரில் இருக்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, படிப்பறிவு சார்ந்த துறைப் பயிற்சி இல்லாத அடித்தள மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து துணை நிற்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தையும் அணுகலாம்.

முதல் ஆய்வறிக்கை

அறிக்கை மின்னஞ்சலில் வரும். யாரோ ஒரு மாணவரின் முகவரியைக் கொடுத்துவிட்டு அவர் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டால் கதை முடிந்தது. பதிலுக்கு 6 மாதம். அது முடியும் முன் படிவம் 4 போட்டால் இன்னும் 3 மாதம். அதையும் விட்டால் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

பயப்பட வேண்டாம், ஆட்சேபம் இல்லாத அறிக்கை அபூர்வம். நம் பலகைக்கு வரக்கூடியதைப் பார்ப்போம். டி1 என்ற ஆவணம் சாம்பல் ஜியோபாலிமரில் தாவர நார் போடுவதைச் சொல்கிறது. டி2, டானினால் தாவர நாரைப் பதப்படுத்திப் பிசினில் போடுவதைச் சொல்கிறது. இரண்டையும் சேர்ப்பது துறையில் பயிற்சியுள்ளவருக்கு வெளிப்படையானது, ஆகவே கண்டுபிடிப்புப் படி இல்லை என்பார் ஆய்வாளர். 'டி1இல் கொல்லிமலை இல்லை, டி2இல் கடுக்காய் இல்லை' என்று பதில் எழுதுவது பயனற்றது. அது வேறுபாட்டைக் காட்டுகிறதே தவிர, அந்த வேறுபாட்டுக்கு ஏன் மூளை தேவைப்பட்டது என்பதைக் காட்டவில்லை.

வேதியியலைப் பிடியுங்கள். டானின் காரத்தில் கரையக்கூடியது. டி2இன் பிசினில் காரம் கிடையாது, அங்கே அது நாரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். டி1இன் கலவையோ கடுங்காரம். இரண்டையும் படித்த ஒருவர், டானின் கரைந்து போய்விடும், பயனில்லை என்றுதான் எண்ணுவார். அப்படிப் போகாமல், நனைத்துக் காயவைத்த சுழற்சிகளுக்குப் பிறகும் வலிமை நின்றது என்று விவரக்குறிப்பின் அட்டவணை காட்டுகிறது. எதிர்பார்ப்புக்கு மாறான பலன் என்பது இதுதான். கூடவே முதல் கோரலை ஊறல் நேரத்தாலும் டானின் அளவாலும் குறுக்கிவிடுங்கள். 59ஆம் பிரிவு குறுக்கவும் திருத்தவும் விளக்கவும் அனுமதிக்கிறது, விரிக்க அனுமதிக்காது. விவரக்குறிப்பில் இருக்கும் பலனுக்கு வலுச்சேர்க்கும் கூடுதல் சோதனைத் தரவைப் பிரமாணப் பத்திரத்தோடு தனியே தரலாம். விவரக்குறிப்புக்குள் செருக முடியாது.

கண்டுபிடிப்புப் படிக்கு நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு. கடைசல் இயந்திரத்தில் பாத்திரம் செய்யும் முறை ஒன்றுக்கான காப்புரிமை அது. பட்டறைத் தொழிலாளிக்கு இயல்பாகத் தோன்றக்கூடிய மேம்பாட்டுக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று காப்புரிமை செல்லாமல் போனது. பதில் எழுதி முடித்ததும் இந்தக் கேள்வியை உங்களுக்கே போட்டுப் பாருங்கள்: பலகை வார்க்கும் பட்டறையில் பல ஆண்டு வேலை செய்தவர் கடுக்காயைத் தானாக எடுத்திருப்பாரா?

ஆட்சேபம் மிச்சமிருந்தால் விசாரணைக்கு அழைப்பார்கள். காணொளி வழியாக நடக்கும். மழைநாளில் மலைமேல் இணைப்பை நம்பாமல் கீழே சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வந்துவிடுவது உத்தமம். தள்ளிவைக்கக் கேட்கலாம், இரண்டு தடவைக்கு மேல் முடியாது. பேசியதை எல்லாம் 15 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். வாயால் சொன்ன நல்ல வாதம் எழுத்தில் வராவிட்டால் தீர்ப்பிலும் வராமல் போகலாம். விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து காப்புரிமை வழங்கும்வரை யார் வேண்டுமானாலும் 25(1)இன்படி எதிர்ப்பு மனு போடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

நிராகரித்தால் மறுஆய்வு மனுவுக்கு ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டதால், சென்னை அலுவலகத்து ஆணைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் செலவு வேறு கணக்கு. குறுக்கிய கோரலோடு கிடைக்கும் காப்புரிமையை விசாரணையிலேயே ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் மேல்.

கிடைத்துவிட்டால், மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். தனிநபருக்கு 3 முதல் 6 வரையிலான ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 800 ரூபாய். ஆய்விலேயே கடந்துவிட்ட ஆண்டுகளுக்கான பாக்கியைக் காப்புரிமை பதிவான மூன்று மாதத்துக்குள் சேர்த்துக் கட்ட வேண்டும். பலகை உண்மையில் வார்க்கப்பட்டு விற்கிறதா என்று சொல்லும் படிவம் 27 இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. விற்காவிட்டாலும் போட வேண்டும்.